2018ஆம் ஆண்டுக் கேமராவை இன்று வாங்கலாமா?

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைத் தாண்டினால் கோல்மன் ஸ்திரீட்டில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர். சிங்கப்பூரில் பழைய கேமரா தேடுகிறவர்கள் வழி கேட்காமல் போய்ச் சேரும் கட்டடம் அது. கண்ணாடி அலமாரிக்குள் பிலிம் காலத்து லைக்காவும் நிகானும் ஒரு வரிசை. அடுத்த வரிசையில் கனத்த டிஎஸ்எல்ஆர்கள். அதற்கும் அடுத்து, போன மாடல், அதற்கு முந்தைய மாடல் என்று மிரர்லெஸ் கேமராக்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் சின்ன விலைச்சீட்டு. சீட்டைப் பார்த்த நிமிடமே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்: புது மாடலைவிட இவ்வளவு குறைவா? எடுத்துவிடலாமா?

இந்தக் கேள்வி அந்தக் கட்டடத்தோடு நிற்பதில்லை. சையது ஆல்வி ரோட்டில் முஸ்தபா சென்டரின் மின்பொருள் பிரிவிலும், ரோச்சோர் பக்கம் சிம் லிம் ஸ்குவேரிலும், கைபேசியில் கரோசெல் செயலியைத் தள்ளிக்கொண்டே போகும் விரலிலும் இதே கேள்விதான். தீபாவளி நெருங்கி சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு எரியத் தொடங்கும் நாட்களில், தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில், வீட்டில் குழந்தை பிறந்திருக்கும்போது, இது இன்னும் அவசரமான கேள்வியாகிவிடுகிறது.

மிரர்லெஸ் என்றால் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று, லென்ஸ் வழி வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். படம் எடுக்கும் நொடியில் அது தூக்கிக்கொள்ளும். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்சார் பார்ப்பதையே நேராகத் திரையில் காட்டுவதுதான் மிரர்லெஸ். லென்ஸ் மாற்றத்தக்க இந்த வகையை 2008இல் ஜி1 என்ற மாடலோடு பேனசோனிக் தொடங்கிவைத்தது.

ஆனால் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிய ஆண்டு 2018. பிப்ரவரியில் சோனி ஏ7 மார்க் 3. ஆகஸ்டில் நிகான் இசட்6. செப்டம்பரில் கேனன் இஓஎஸ் ஆர், ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி3. அந்தத் தலைமுறைக்குப் பிறகு வந்த மாடல்கள் கடையில் முன்வரிசையைப் பிடித்துக்கொள்ள, இவை தள்ளுபடி விலையிலும் செகண்ட் ஹேண்டிலும் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கின்றன. அமெரிக்காவில் ஏ7 மார்க் 3 வெளியானபோது லென்ஸ் இல்லாமல் உடல் மட்டும் 2,000 அமெரிக்க டாலர்.

பழசான பிறகு அதில் என்ன குறைந்துபோயிற்று? படத்தின் தரத்தைக் கேட்டால், பெரிதாக எதுவும் இல்லை. 24 மெகாபிக்சல் அன்றும் 24, இன்றும் 24. 2021இல் வந்த ஏ7 மார்க் 4இல் அது 33 ஆனது. சுவரளவு பெரிதாக்கி மாட்டுகிறவருக்கும், படத்தில் பாதியை வெட்டி எடுக்கிறவருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். கைபேசியிலும் குடும்ப ஆல்பத்திலும் பார்க்கிறவருக்குத் தெரியாது. தைப்பூசத்தன்று விடிவதற்கு முன்பு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும் அந்த அரை இருட்டில் ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றினாலும், 2018ஆம் ஆண்டு உடல் முகத்தை முகமாகவே காட்டும்.

வித்தியாசம் மற்ற இடங்களில் இருக்கிறது. ஏ7 மார்க் 3 வீடியோவை 4கேயில் நொடிக்கு 30 சட்டகம்வரை, 8 பிட்டில் எடுக்கும். அடுத்த மாடல் 60 சட்டகம், 10 பிட். கல்யாண வீடியோவைத் தொழிலாகச் செய்கிறவருக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. திரையும் அப்படித்தான். மார்க் 3இன் திரை மேலும் கீழும் சாயும், முன்பக்கம் திரும்பாது. தன்னைத் தானே படம்பிடித்துப் பேச நினைக்கிறவருக்கு அது உதவாது.

இன்னொன்று சத்தம் இல்லாமல் எடுக்கும் வசதி. பெட்டியில் போட்டிருக்கும், விற்பவரும் பெருமையாகச் சொல்வார். கோயில் சன்னதியில், தாலி கட்டும் நேரத்தில் ஷட்டர் சத்தம் கேட்காமல் எடுக்கலாம் என்பது ஆசையான விஷயம்தான். ஆனால் சத்தமில்லா முறையில் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. ஏ7 மார்க் 3 முழுப் படத்தையும் வாசித்து முடிக்கச் சுமார் 15இல் ஒரு பங்கு நொடி ஆகிறது. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழும். மண்டப விளக்கும் ஒளியூட்டு வளைவும் புடவைக் கரைபோலக் கோடு கோடாக வந்து நிற்கும். வழக்கமான மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும், சத்தம் வந்துவிடும். சத்தமும் கூடாது, பட்டையும் கூடாது என்றால் 2017இல் வந்த சோனி ஏ9 போன்ற, சென்சாரை மிக வேகமாக வாசிக்கும் உடல்தான் வேண்டும். வெளியானபோது 4,500 அமெரிக்க டாலர் விலை சொன்ன அந்தக் கேமராவும் இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது.

பழசிலும் எந்தப் பழசு என்று பார்க்க வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் ஏ7 மார்க் 2வும் மார்க் 3உம் அண்ணன் தம்பிபோல உட்கார்ந்திருக்கும். 2014இல் வந்த மார்க் 2 இன்னும் மலிவு. அதற்கும் 24 மெகாபிக்சல்தான், அதற்கும் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் நிலைப்படுத்தி உடலுக்குள்ளேயே உண்டு. ஆனால் ஒரு பேட்டரிக்கு அது எடுப்பது சுமார் 350 படம், மார்க் 3 எடுப்பது சுமார் 710. மார்க் 2இல் மெமரி கார்டு ஒன்றுதான், 4கே கிடையாது, ஓடுகிற குழந்தையின் பின்னால் ஃபோகஸ் ஓடாது. மார்க் 3க்கு 2019 ஏப்ரலில் வந்த மென்பொருள் புதுப்பிப்பு, கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொடரும் திறமையையும் காசில்லாமல் கொடுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவே சில நூறு வெள்ளி மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

இவ்வளவையும்விட முக்கியமான ஒன்றை விலைச்சீட்டு சொல்லாது. அது மவுண்ட், அதாவது லென்ஸும் உடலும் பூட்டிக்கொள்ளும் அந்த உலோக வளையம். கேமரா வாங்குகிறவர் உண்மையில் சம்பந்தம் பண்ணிக்கொள்வது அந்த வளையத்தோடுதான். உடல் ஐந்து வருடத்தில் மாறும். லென்ஸ் பதினைந்து வருடம் கூடவே வரும். அந்த மவுண்ட்டுக்கு இன்னும் லென்ஸ் செய்கிறார்களா, நாளை புது உடல் வாங்கினால் இன்று வாங்கும் லென்ஸ் அதில் பொருந்துமா என்பதுதான் முதல் கேள்வி.

கேனனின் கதையே இதற்குப் போதும். 2012இல் வந்த இஓஎஸ் எம், 22 மி.மீ. லென்ஸோடு அமெரிக்காவில் சுமார் 800 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே 300 டாலருக்கு இறங்கியது. அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வரிசையில் பின்னால் வந்த எம்50 நன்றாகவே விற்றது. ஆனால் கேனன் 2018இல் ஆர்எஃப் என்ற வேறொரு மவுண்ட்டுக்கு மாறி, 2023இல் எம் வரிசையை முடித்துக்கொண்டது. எம் லென்ஸ் சென்சாரிலிருந்து 18 மி.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். ஆர்எஃப் உடலில் அந்தத் தூரம் 20 மி.மீ. இரண்டு மி.மீ. கூடிப்போனதால் அடாப்டர் நுழைய இடமே இல்லை. எம் லென்ஸ்களைச் சேர்த்து வைத்தவர்களுக்குப் புதிய கேனனில் வழியடைத்துவிட்டது. டிஎஸ்எல்ஆர் காலத்து இஎஃப் லென்ஸுக்கு 44 மி.மீ. என்பதால் அவை மட்டும் அடாப்டரோடு சுகமாக வேலை செய்கின்றன. பழைய கேனன் லென்ஸ் வீட்டில் இருப்பவருக்குச் செகண்ட் ஹேண்ட் இஓஎஸ் ஆர், அல்லது 2019இல் வந்த ஆர்பி, நல்ல யோசனையாவது இதனால்தான்.

சாம்சங் 2014இல் வெளியிட்ட என்எக்ஸ்1 அந்த நாளில் முன்னோடியான கேமரா. சில ஆண்டுகளில் நிறுவனம் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. நிகான் 1 வரிசை 2011இல் தொடங்கி 2018இல் முடிந்தது. இவை கரோசெலில் ஆச்சரியப்படுத்தும் விலைக்கு வரும்போது, லென்ஸும் பேட்டரியும் பழுதுபார்ப்பும் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சோனியின் ஈ மவுண்ட் 2010இலிருந்து நடப்பில் இருக்கிறது. 2011இலேயே அதன் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் நிறுவனங்களுக்கு சோனி திறந்துவிட்டதால், சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் அதற்கு ஏராளம். ஃபியூஜியின் எக்ஸ் மவுண்ட் 2012இலிருந்து அப்படியே தொடர்கிறது. நிகான் இசட்டும் உயிரோடு வளர்கிறது. இந்த மூன்றில் எதில் பழைய உடல் வாங்கினாலும் போட்ட காசு லென்ஸில் தங்கும்.

மவுண்ட் சரி என்றான பிறகுதான் உடலைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால் அவசரப்படக்கூடாது.

முதலில் லென்ஸைக் கழற்றி வளையத்தைப் பார்க்க வேண்டும். திருகாணித் தலைகளில் கீறல் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். பிறகு லென்ஸைப் பூட்டி, துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, வெள்ளைத் தாளையோ வெளிறிய வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம். திரையில் பெரிதாக்கினால் சென்சார் தூசி சாம்பல் புள்ளியாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. மூடியைப் போட்டு 30 நொடி எக்ஸ்போஷர் கொடுத்தால் கெட்டுப்போன பிக்சல்கள் சிவப்பும் நீலமுமாக மின்னும். இரண்டு கார்டு இடங்களிலும் கார்டு போட்டு எழுத வேண்டும். யுஎஸ்பி வாயில் கேபிளைச் செருகி ஆட்டிப் பார்க்க வேண்டும். அணைத்த கேமராவை அசைக்கும்போது உள்ளே லேசாக ஏதோ ஆடினால் பயப்பட வேண்டாம். நிலைப்படுத்தி உள்ள பல உடல்களில் அது இயல்பு.

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்ற எண்ணைச் சோனி, நிகான் மாடல்கள் பலவும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்து வைக்கின்றன. ஒரு படம் எடுத்து, அதை வாசித்துச் சொல்லும் இணையத்தளத்தில் ஏற்றினால் தெரிந்துவிடும். ஏ7 மார்க் 3 ஷட்டரின் சோதனை வரம்பு 2,00,000. முப்பதாயிரம் அடித்தது இளசு. ஒரு லட்சத்தைத் தாண்டியது திருமண வீடுகளில் உழைத்த உடலாக இருக்கக்கூடும், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். மெனுவையும் திறந்து பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று வந்த சோனி உடல்கள் பலவற்றில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழி இருக்காது.

சிங்கப்பூரில் லென்ஸுக்கு உள்ள பெரிய எதிரி ஈரப்பதம். காற்றில் ஈரம் காலையில் 90 சதவீதத்தைத் தாண்டும், பகலில்தான் 60 பக்கம் இறங்கும். உலர்பெட்டியில் வைக்காமல் அலமாரியில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இங்கே சாதாரணம். கைபேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் சிலந்தி நூல்போலக் கிளைவிட்டிருக்கும். அப்படி ஓர் இழை கண்ணில் பட்டாலும் அந்த லென்ஸ் வேண்டாம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

எங்கே வாங்குவது என்பதும் விலையின் ஒரு பகுதி. கரோசெல் விற்பனைகள் பெரும்பாலும் எம்ஆர்டி நிலைய வாசலில் ஐந்து நிமிடத்தில் முடிகின்றன. மேலே சொன்ன சோதனைகளுக்கு அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியைத் தர மறுக்கும் விற்பவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது. சட்டமும் அங்கே துணைக்கு வராது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம், வாங்கி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. செகண்ட் ஹேண்ட் பொருளுக்கும் இது உண்டு. ஆனால் விற்பவர் வியாபாரியாக இருக்க வேண்டும். ஒரு தனிமனிதர் இன்னொருவருக்கு விற்றால் பொருந்தாது. பழகித் தேய்ந்ததற்கும் பொருந்தாது. பழைய உடல் என்றால் கடைவிலை கொஞ்சம் கூடினாலும் கடையே மேல்.

புதுப்பெட்டி, பழைய மாடல், பெரிய தள்ளுபடி என்று வந்தால் ஒரே ஒரு கேள்வி: இது லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா? எக்ஸ்போர்ட் செட்டுக்கு நிறுவனத்தின் சிங்கப்பூர் உத்தரவாதம் இருக்காது, கடையின் வாக்கு மட்டும்தான். வாக்கு எப்படிப்பட்ட வாக்கு என்பதை சிம் லிம் ஸ்குவேர் 2014இல் பார்த்தது. உத்தரவாதத்துக்கென்று கூடுதல் பணம் கேட்ட ஒரு கைபேசிக் கடையில் வியட்நாமியச் சுற்றுப்பயணி மண்டியிட்டு அழுத காணொளி ஊரையே உலுக்கியது. கடை உரிமையாளருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறை கிடைத்தது. அதே கட்டடத்தில் நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைகளும் உண்டு. விலையை எழுத்தில் வாங்கிய பிறகே அட்டையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, குடும்பப் படம், கோயில், தெரு, பயணம் என்று எடுப்பவர் 2018 தலைமுறை உடலைத் தயங்காமல் வாங்கலாம். மிச்சமாகும் காசை ஒரு நல்ல 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸிலும் ஓர் உலர்பெட்டியிலும் போட வேண்டும். வீடியோவில் பிழைப்பவர் புது மாடலுக்குக் காசு சேர்க்கட்டும். லென்ஸ் மாற்றும் எண்ணமே இல்லாதவருக்குக் கையில் இருக்கும் கைபேசி போதும்.

வாங்கும் நாளில் ரசீதில் உடலின் வரிசை எண்ணையும் லென்ஸின் வரிசை எண்ணையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கடையை விட்டு வெளியேறும் முன் அந்த எண்களை உடலிலும் லென்ஸிலும் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.