பாலைவன ஊர்ல கார் இல்லாம வாழ்ந்தா மாசம் எவ்வளவு மிச்சம்?

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு எல்லாரும் சொல்ற முதல் அட்வைஸ், "போனதும் ஒரு கார் வாங்கிடு". அரிசோனா மாநிலத்துக்குப் போறவங்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வாங்க. காரணம் இருக்கு. அங்கே ஃபீனிக்ஸ் நகரத்துல 2023-ல தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல வெயில். அதுல யார் நடப்பாங்க?

ஆனா அதே ஃபீனிக்ஸை ஒட்டின டெம்பி நகரத்துல, கார் வெச்சுக்காதவங்களுக்காகவே ஒரு குடியிருப்பு கட்டியிருக்காங்க. பேர் கல்டிசாக். சுமார் 17 ஏக்கர். 2023-ல ஆட்கள் குடிவந்தாங்க. குடியிருக்கிறவங்க அங்கே காரை நிறுத்த மாட்டோம்னு ஒப்பந்தத்துலயே கையெழுத்து போடணும். வாசல்லயே ரயில் ஸ்டேஷன். தார் ரோடு கிடையாது. நிழல் விழுற மாதிரி கட்டடங்களை நெருக்கி, நடுவுல குறுகலான சந்து விட்டிருக்காங்க. நம்ம பழைய ஊர்த் தெருக்கள் மாதிரிதான்!

இப்ப கணக்குக்கு வருவோம். அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தோட 2024 கணக்குப்படி, ஒரு புது கார் வெச்சு ஓட்ட வருஷத்துக்கு 12,297 டாலர். மாசம் சுமார் 1,025. இதுல பெட்ரோல்தான் பெரிய செலவுன்னு நினைப்போம். இல்லை. மூணுல ஒரு பங்குக்கு மேல தேய்மானம். அதாவது கார் சும்மா நின்னாலும் அதோட மதிப்பு குறைஞ்சுக்கிட்டே போறது. இதுக்கு பில் வராது, அதனால நம்ம பட்ஜெட்டுல அது கண்ணுலயே படாது.

கார் இல்லாத வீட்டுக்கு வாடகை மாசம் 300 டாலர் கூடன்னு வெச்சுக்குவோம். ரயில் போகாத இடத்துக்கு டாக்சி, வாடகை கார்னு இன்னொரு 200. அப்பவும் 525 டாலர் மிச்சம். சூப்பர்ல?

கொஞ்சம் பொறுங்க. அந்த 1,025 புது காருக்கு, அதுவும் வருஷம் 15,000 மைல் ஓட்டினா. நீங்க பழைய கார் வாங்கி மாசம் 500-ல சமாளிக்கிற ஆளா இருந்தா, மிச்சம் பூஜ்யம். கணக்கு மொத்தமா மாறிடுச்சு பாருங்க.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெருசு. நம்ம ஆட்கள்ல பலர் அங்கே போறது சிப் கம்பெனி வேலைக்கு. இன்டெல் ஆலை இருக்கிற சாண்ட்லருக்கும் ரயில் கிடையாது, ஃபீனிக்ஸுக்கு வடக்குக் கோடியில டிஎஸ்எம்சி ஆலை இருக்கிற இடத்துக்கும் கிடையாது. ரயில் பக்கத்துல வீடு, ரயிலே போகாத இடத்துல ஆபீஸ்னா டாக்சிக்கே சம்பளம் கரைஞ்சிடும்.

"சரி, எலக்ட்ரிக் கார் வாங்கிட்டா?" எரிபொருள் செலவு குறையும், உண்மைதான். தேய்மானம் போகாது. அதோட, அந்தக் காரோட இன்னொரு விலையை அரிசோனாலயே நேர்ல பார்க்கலாம். அமெரிக்காவுல தோண்டுற செம்புல சுமார் 70 சதவீதம் இந்த மாநிலத்துல இருந்துதான். பெட்ரோல் கார்ல செம்பு 20 கிலோ அளவுல இருக்கும். எலக்ட்ரிக் கார்ல அதுபோல இரண்டிலிருந்து மூணரை மடங்கு. அங்கே பெரும்பாலும் தாதுல செம்பு 1 சதவீதம்கூட இருக்காது. ஒரு காருக்கே பல டன் பாறையை உடைக்கணும்.

ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே சுப்பீரியர்னு ஒரு சுரங்க ஊர். அது பக்கத்துல ஓக் ஃபிளாட், அப்பாச்சி பழங்குடி மக்களுக்குப் புனித இடம். அதுக்குக் கீழே பெரிய செம்புப் படிவம். ரியோ டின்டோவும் பிஹெச்பியும் அதைத் தோண்டினா, நாளடைவுல மேல்தரை உள்வாங்கி கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழும்னு அரசாங்க ஆய்வே சொல்லுது. அந்த மக்கள் தரப்பு வழக்கை 2025 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கலை. சுரங்கம் வந்தா ஊருக்கு வேலை வரும்னு ஆதரிக்கிறவங்களும் அங்கே இருக்காங்க. ஆனா "எலக்ட்ரிக்னா யாருக்கும் நஷ்டமில்லை"ன்னு ஷோரூம்ல சொன்னா, நான் நம்ப மாட்டேன்.

அதனால ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் கார் லோனைத் தேடாதீங்க. மேப்பைத் திறந்து ஆபீஸ் கேட்டுக்கும் பக்கத்து ஸ்டேஷனுக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க. நடக்கிற தூரம்னா, ஸ்டேஷன் பக்கத்துல வீடு எடுத்து முதல் மூணு மாசம் கார் இல்லாம ஓட்டிப் பாருங்க. டாக்சி பில் எல்லாத்தையும் எழுதி வைங்க. அதுல ஒரு மாசமாவது ஜூலையா இருக்கட்டும். டிசம்பர்ல டெஸ்ட் பண்ணா அங்கே எல்லாமே சுகமாத்தான் இருக்கும்.