மேல்தோன்றும் சாளரம்

மேல்தோன்றும் சாளரம் அல்லது பாப்-அப் என்பது, ஓர் இணையப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கையில் அதன்மேல் எழும் தனிச் சாளரம் அல்லது பெட்டி ஆகும். பெரும்பாலும் பயனர் கேளாமலேயே தோன்றுவதால், இணைய வடிவமைப்பில் மிகுந்த எரிச்சலூட்டும் கூறுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

தோற்றம்

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் புதிய உலாவிச் சாளரத்தைத் திறக்க ஒரு கட்டளை உண்டு. அது விளம்பரத்திற்கென உருவாக்கப்பட்டதன்று. 1990களின் பிற்பகுதியில், பயனர்கள் தம் சொந்தப் பக்கங்களை அமைத்துக்கொள்ள இடமளித்த டிரைபாட் தளத்தில் பணியாற்றிய ஈத்தன் சுக்கர்மேன், விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் காட்டும் நிரலை எழுதினார். பாலியல் தொடர்பான பயனர் பக்கமொன்றில் தன் விளம்பரம் இடம்பெற்றதைக் கண்டு ஒரு கார் நிறுவனம் பதறியதே இதற்குக் காரணம். விளம்பரம் தனியே நின்றால் பக்கத்தின் உள்ளடக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை எனலாம் அல்லவா? 2014இல் தி அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் அவர் இதற்காக மன்னிப்புக் கோரினார்.

தடுப்பான்கள்

பெரிய உலாவிகளுள் ஆப்பெரா முதலில் தடுப்பு வசதியை அளித்தது. பக்கம் திறக்கும்போது தானாக எழுவதை மட்டும் தடுத்து, பயனர் சொடுக்கியதன் விளைவாகத் திறப்பதை அனுமதிக்கும் முறையை மொசில்லா பின்பற்றியது. 2004 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பு வழியாக இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் தடுப்பான் சேர்ந்தது. இதன்பின் சில தளங்கள் "தடுப்பானை நிறுத்திவிட்டு வருக" எனப் பயனரைக் கேட்டன. உண்மையில் திருத்தப்பட வேண்டியவை அத்தளங்களே.

இவ்வெற்றி நீடிக்கவில்லை. வடிவமைப்பாளர்கள் புதிய சாளரத்தைக் கைவிட்டு, பக்கத்திற்குள்ளேயே உள்ளடக்கத்தை மறைக்கும் பெட்டிகளை அமைக்கத் தொடங்கினர். இவையும் பக்கத்தின் பிற பகுதிகளைப் போன்று எச்டிஎம்எல் கூறுகளே. எனவே எது கட்டுரை, எது இடையூறு என உலாவியால் எளிதில் பிரித்தறிய இயலாது.

பயன்பாட்டுச் சிக்கல்கள்

எரிச்சல் என்பது பார்வையுள்ளோர் படும் பாடு மட்டுமே. திரைபடிப்பான் கொண்டு இணையத்தைப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்குப் பெட்டி எழுந்ததே தெரியாமற்போகலாம். சுட்டியைப் பிடிக்க இயலாதோர் விசைப்பலகையால் அதனை மூடவியலாமல் சிக்கிக்கொள்ளலாம். பெட்டி திறந்ததும் குவியம் அதனுள் செல்ல வேண்டும். எஸ்கேப் விசை அதனை மூட வேண்டும். மூடியபின் குவியம் பழைய இடத்திற்கே திரும்ப வேண்டும். இம்மூன்றும் கடினமான நிரலாக்கம் அல்ல, எனினும் பரவலாகப் புறக்கணிக்கப்படுகின்றன. பயனருக்கு அறிவிக்காமல் சாளரங்களைத் தோன்றச் செய்யலாகாது என டபிள்யூ3சி 1999ஆம் ஆண்டின் அணுகுதன்மை வழிகாட்டுதல்களிலேயே கூறியிருந்தது.

கோப்பினை அழிக்குமுன் "உறுதியா?" எனக் கேட்கும் பெட்டி ஓரளவு நியாயமானது. ஆயினும் அடிக்கடி தோன்றினால் பயனர் படிக்காமலேயே "சரி" என்பதை அழுத்தப் பழகிவிடுவார். அழித்ததை மீட்கும் வசதியே இதைவிடச் சிறந்தது.

இசைவுப் பெட்டிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின், நினைவிகளுக்கு இசைவு கோரும் பெட்டிகள் பெருகின. "ஏற்கிறேன்" என்பது ஒரே சொடுக்கில் முடிய, மறுப்பதற்குப் பல சொடுக்குகள் தேவைப்படும்படி பல தளங்கள் இவற்றை அமைத்தன. இக்காரணத்திற்காகவே பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், 2022 சனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது.