மாதிரிப் படகில் மோட்டாரும் தண்டும்: நேர்படுத்தும் முறை

மாணவர்கள் செய்த மாதிரிப் படகு நீரில் விடப்பட்டதும் பேரிரைச்சலுடன் மெல்ல நகர்ந்து, சிறிது நேரத்திற்குள் மோட்டார் சூடேறி நின்றுவிடுதல் பள்ளி விஞ்ஞானக் கழகங்களில் காணக்கூடிய நிகழ்ச்சியாகும். மின்கலத்தின் வலிமை போதவில்லை என்றோ, மோட்டார் சிறியது என்றோ காரணம் கூறி, அதனினும் பெரிய மோட்டாரைப் பொருத்துவோரும் உளர். ஆனால் பல சமயங்களில் குறை மோட்டாரில் இல்லை. மோட்டாரின் அச்சும், உந்துவிசிறியைச் சுழற்றும் தண்டின் அச்சும் ஒரே நேர்கோட்டில் அமையாமையே காரணமாகும். பெரிய மோட்டாரைப் பொருத்தினால் இக்குறை நீங்குவதில்லை; முன்னினும் மிகுந்த விசையுடன் தண்டையும் தாங்கிகளையும் தேய்க்கின்றது.

இது விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஐக்கிய நாடுகள், நார்வே, இந்தியா ஆகியவை 1952இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 1953இல் இந்திய-நார்வே திட்டம் தொடங்கிற்று. மீன்பிடி படகுகளில் இயந்திரங்களைப் பொருத்திப் பழக்கத்திற்குக் கொண்டுவருதல் அதன் முக்கிய வேலைகளுள் ஒன்றாகும். அன்று முதல் கடற்கரை ஊர்களில் பணிபுரியும் களப்பணியாளர் எதிர்ப்படும் பழுதுகளுள் தண்டின் கோணலும் ஒன்று. கோணல் மிகுந்தால் தாங்கி தேயும், தண்டு வெளியேறும் இடத்தில் நீர் கசியும், எரிபொருள் வீணாகும், நடுக்கடலில் தண்டு ஒடிந்தால் படகிலுள்ளோர் உயிருக்கே ஆபத்து நேரலாம். மேசைமேல் வைத்துப் பார்க்கக்கூடிய மாதிரிப் படகில் இவ்விதியைக் கற்றவர், பெரிய படகிலும் அதனை எளிதில் அறிந்துகொள்வார்.

இரு வகை விலகல்

மோட்டாரின் அச்சு தண்டின் அச்சிலிருந்து இரு வகையில் விலகக்கூடும். இரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்து, அங்கே முழங்கை போல் மடங்கி நிற்பின் அது கோண விலகலாகும். இரண்டும் ரயில் தண்டவாளங்களைப் போல ஒரே திசையில் சென்றும், ஒன்றுக்கொன்று மேலாகவோ பக்கமாகவோ தள்ளி நிற்பின் அது இணை விலகலாகும். நடைமுறையில் இரண்டும் கலந்தே காணப்படும்.

கோண விலகலுக்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. விசிறி நீருக்குள் ஆழ்ந்திருக்க வேண்டுமாதலால், தண்டு பின்னோக்கிச் சாய்வாக இறங்குகின்றது. மோட்டாரை மட்டும் படகின் தளத்தின்மேல் மட்டமாக வைத்துவிடுகின்றனர். தண்டின் சாய்வு முழுவதும் அப்போது இணைப்பின்மீது விழுகின்றது. தண்டு எத்தனை பாகை சாய்ந்திருக்கின்றதோ, மோட்டாரும் அத்தனை பாகை சாய்ந்திருத்தல் வேண்டும்.

சாய்வும் குறைவாக இருத்தல் நலம். விசிறி தரும் உந்துவிசை தண்டின் திசையிலேயே செல்லும். 10 பாகைச் சாய்வில் 100 பங்கு விசையில் 98 பங்கு படகை முன்னே செலுத்தும். 20 பாகைச் சாய்வில் அது 94 பங்காகக் குறையும். 34 பங்கு அளவுள்ள விசை படகின் பின்புறத்தை மேலே தூக்க முற்படும்.

வளையும் இணைப்பு கோணலை நீக்குமா?

ரப்பர்க் குழாயோ, குறுக்குக் கட்டையுடன் கூடிய மூட்டோ பொருத்திவிட்டால் கோணல் நீங்கிவிடும் என்பது தவறான எண்ணம். இணைப்பு கோணலைப் பொறுத்துக்கொள்ளும், நீக்காது. பொறுத்துக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்கும் மூட்டு இதனை நன்கு விளக்கும். அம்மூட்டின் ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுழன்றாலும், கோணம் இருக்கும்வரை மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் செல்லும். கோணம் 10 பாகையானால் வேக மாறுபாடு இருபுறமும் ஏறத்தாழ 1.5 சதவீதம், 20 பாகையானால் ஏறத்தாழ 6 சதவீதம், 30 பாகையானால் 13 சதவீதம் குறைந்தும் 15 சதவீதம் மிகுந்தும் நிற்கும். நிமிடத்திற்கு 6,000 முறை சுழலும் மோட்டார் விநாடிக்கு 100 சுற்றுச் சுற்றுகின்றது. எனவே விநாடிக்கு 200 முறை தண்டு இழுக்கப்பட்டும் தளர்ந்தும் அதிர்கின்றது. படகிலிருந்து எழும் இரைச்சலுக்கு இவ்வதிர்வும் ஒரு காரணமாகும்.

மேலும், ஒற்றை மூட்டு கோண விலகலை மட்டுமே ஏற்கும்; இணை விலகலை ஏற்காது. இரட்டை மூட்டு இரண்டையும் ஏற்கும். அதிலும் இரு மூட்டுகளின் கோணங்கள் சமமாகவும், நடுத்துண்டின் இருபுறக் கவைகள் ஒரே தளத்திலும் அமைந்தால்தான் வேக மாறுபாடு ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

செய்முறை

முதலில் தண்டைச் சோதித்தல் வேண்டும். கண்ணாடிப் பலகையின்மேல் அதனை உருட்டினால், வளைந்த தண்டு துள்ளித் துள்ளி உருளும். வளைந்த தண்டை எவ்வாறு பொருத்தினும் பயனில்லை.

இரண்டாவதாக, தண்டு செல்லும் குழாயைப் படகில் பொருத்துக. அதன் உள்முனை நீர்மட்டத்திற்கு மேலே நின்றால், நீர் உட்புகுவது பெரிதும் குறையும். பசை இறுகும்வரை தண்டு குழாய்க்குள்ளேயே இருக்கட்டும். இடையிடையே கையால் சுழற்றிப் பார்க்க. குழாய் வளைந்து ஒட்டிக்கொள்ளாதபடி இது காக்கும்.

மூன்றாவதாக, மோட்டாரைத் தண்டுக்கு ஏற்ப நிறுத்துக. இதற்கென ஓர் உறுதியான சோதனைத் துண்டு தேவை. மாதிரிப் படகுகளில் வழங்கும் ஒருவகை மோட்டாரின் அச்சு 3.17 மி.மீ. பருமனும், தண்டு 4 மி.மீ. பருமனும் கொண்டவை. இவற்றுக்கு 10 மி.மீ. பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து, 3.2 மி.மீ. துளையை முழுவதும் இட்டு, துண்டைக் கழற்றாமலே பாதி நீளம்வரை அத்துளையை 4 மி.மீ. ஆகப் பெரிதாக்குக. கழற்றி மீண்டும் பிடித்தால் இரு துளைகளும் ஒரே அச்சில் அமையமாட்டா. கடைசல் இயந்திரம் இல்லாத பள்ளிகளில், 2 மி.மீ. அச்சுள்ள சிறு மோட்டாரும், தண்டாக 2 மி.மீ. மிதிவண்டிக் கம்பியும் கொண்டால், அவ்வளவே உள்விட்டமுள்ள நேரான பித்தளைக் குழாய்த் துண்டு போதுமானது.

இச்சோதனைத் துண்டால் தண்டையும் மோட்டாரையும் இணைத்தால், மோட்டார் தானே சரியான இடத்தில் நிற்கும். அதற்கும் தளத்திற்கும் உள்ள இடைவெளியை மெல்லிய தகடுகளாலோ மரத்துண்டுகளாலோ நிரப்பித் திருகாணிகளை முடுக்குக. முடுக்கும்போது மோட்டார் இழுபடுவதுண்டு. ஆகவே மீண்டும் சோதித்தல் அவசியம். துண்டு இரு தண்டுகளின்மீதும் தடையின்றி நகர்தலும், கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது எங்கும் இறுக்கம் தோன்றாமையும் நேர்மையின் அடையாளங்களாம்.

இறுதியாகச் சோதனைத் துண்டை நீக்கி, வளையும் இணைப்பைப் பொருத்துக. சிறு படகுகளுக்கு மிதிவண்டி வால்வு டியூப்பை இருபுறமும் நூலால் இறுகக் கட்டினால் போதும். இரு தண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடலாகாது. படகு முன்னே செல்கையில் விசிறி தண்டை மோட்டாரை நோக்கித் தள்ளும். அத்தள்ளுதலை விசிறிக்கும் குழாயின் வெளிமுனைக்கும் இடையே உள்ள நட்டும் வாஷரும் ஏற்றல் வேண்டும், மோட்டார் ஏற்கலாகாது.

அளந்து அறிதல்

ஓர் ஆம்பியர்மானியை மோட்டாருடன் தொடராக இணைத்து, மோட்டார் தனியே சுழலும்போதும், விசிறியின்றித் தண்டைச் சுழற்றும்போதும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்க. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் உராய்வினால் விளைவது. பின்னர் மோட்டாரின் ஒரு பக்கத்தின் அடியில் அஞ்சலட்டைத் துண்டு ஒன்றைச் செருகி மறுபடியும் அளக்க. அட்டைகளை ஒவ்வொன்றாகக் கூட்டும்போது மின்னோட்டம் எவ்வாறு மாறுகின்றது என்பதை மாணவரே அட்டவணையாக எழுதலாம். மின்னோட்டம் இரு மடங்கானால் மோட்டார்ச் சுருளில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் இங்கு எடுத்துரைக்கலாம். குழாயிலுள்ள கெட்டியான கிரீஸும் மின்னோட்டத்தை மிகுவிக்கும். ஆதலின் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். சுழலும் விசிறியைக் கையால் தொடுவதையும், நின்றுபோன மோட்டாருக்கு மின்சாரம் தொடர்ந்து தருவதையும் தவிர்க்க.

பெரிய படகில்

பெரிய படகில் மோட்டாரின் இடத்தில் டீசல் இயந்திரம் இருக்கும்; விதி ஒன்றே. கரையில் சரியாக இருந்த அமைப்பு, நீரில் மிதந்தபின் மாறக்கூடும்; உடற்கட்டு நீரின் தாங்குதலுக்கேற்பச் சிறிது வளைவதே காரணம். எனவே படகு மிதக்கும் நிலையில் மறுபடி சோதித்தல் வேண்டும். இணைப்பின் இரு வட்டத்தட்டுகளையும் நெருக்கி, மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களிலும் பீலர் கேஜ் தகடுகளால் இடைவெளியை அளப்பர். 100 மி.மீ. விட்டமுள்ள தட்டில் இவ்வளவுகளின் வேறுபாடு 0.1 மி.மீ. அளவைத் தாண்டலாகாது என்பது பொதுவாகக் கொள்ளும் வரம்பு.

வேறுபாடு காணப்பட்டால், தண்டின் தட்டை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் அளக்க. மிகுந்த இடைவெளி முன்பிருந்த இடத்திலேயே நின்றால் இயந்திரத்தின் அமைப்பில் கோணல். தட்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் தண்டோ தட்டோ வளைந்துள்ளது. முன்னதற்கு இயந்திரத்தின் அடித்தகடுகளை மாற்றினால் போதும். பின்னதற்குத் தண்டைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புதல் வேண்டும். இதனை அறியாது இயந்திரத்தை மட்டும் பலமுறை நகர்த்திப் பார்ப்பதால் மீனவருக்குக் கடலுக்குச் செல்லும் நாட்களே வீணாகும்.

முதலில் தண்டு, அடுத்து மோட்டார், இறுதியில் இணைப்பு என்னும் இம்முறையை ஆசிரியர்கள் ஒரு சிறு படகைக் கொண்டு செய்துகாட்டுவாராயின், விசை எங்கே இழக்கப்படுகின்றது என்று தேடிக் காணும் பழக்கம் மாணவரிடம் வேரூன்றும். களப்பணியாளரும் படகுத்துறைக்குச் செல்லுங்கால் இம்மாதிரியை உடன் எடுத்துச் சென்றால், சொல்லால் விளங்காததைக் கையால் சுழற்றிக் காட்ட இயலும்.