சாவி இருவர் கையிலும்!

கணவர் கையில் ஸ்டீயரிங், மனைவி கையில் மேப். நம் வீடுகளில் கார் பயணம் பெரும்பாலும் இப்படித்தான். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வாடகை கார் எடுக்கும் தம்பதிகள் இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

கிறைஸ்ட்சர்ச்சில் கிளம்பினால், முதலில் செம்மறியாடுகள் மேயும் கேன்டர்பரி சமவெளி. சுமார் 2 மணி நேரத்தில், 920 மீட்டர் உயரத்தில் ஆர்தர்ஸ் கணவாய். அதைத் தாண்டினால் மழைக்காடும் மேற்குக் கடற்கரையும். தெற்கே ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு, ஹாஸ்ட் கணவாய், வனாக்கா ஏரி. திரும்பும் வழியில் லிண்டிஸ் கணவாயின் வறண்ட புல்மலைகள், டெகாப்போ ஏரியின் பளீர் நீலம்!

அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள நம் ஊர் லைசென்ஸே செல்லும். ஆனால், மலை வளைவுகள் அதிகம். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்களும் வரும். அங்கே சிவப்பு வளையமிட்ட வட்டப் பலகை தெரிந்தால், எதிரே வரும் வண்டிக்கு நாம்தான் வழிவிட வேண்டும்.

ஒருவரே ஓட்டினால் சோர்வு வரும், அது ஆபத்து. எனவே, இருவருக்கும் லைசென்ஸ் இருந்தால் மாறி மாறி ஓட்டலாம். அதற்கு, வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது.

ஓட்டுபவரின் கண்ணுக்குச் சாலை மட்டும்தான். ஏரியை ரசிக்கும் முறை அவருக்கும் வரட்டுமே!