பெயரும் குருதியும்

கல்லூரியில் சேர வந்த நாளில் நம்மில் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை நிரப்பியிருப்போம். அதில் 'பெயர்' என்று ஒரு கட்டம். அதற்கு அடுத்தாற்போல் 'குடும்பப் பெயர்' என்று இன்னொரு கட்டம். முதற் கட்டம் எளிது. இரண்டாவது கட்டத்தில்தான் தமிழ் மாணவரின் கை தயங்கும். சிலர் தந்தையின் பெயரை எழுதுவர். சிலர் தலைப்பெழுத்தை இட்டுப் புள்ளி வைப்பர். வேறு சிலர் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு மேலே செல்வர். இதைக் காணும் பிறநாட்டு நண்பர், "உங்கள் குடும்பத்துக்குப் பெயரே இல்லையா?" என்று வியப்போடு வினவுவதும் உண்டு.

குடும்பப் பெயர் எவ்வாறு தோன்றிற்று? அது நம் முன்னோரைப் பற்றி எதைச் சொல்லும்? இக்காலத்தில் சிறு குப்பியில் எச்சிலை நிரப்பி அனுப்பினால், மூதாதையர் பற்றிய அறிக்கை ஒன்று வந்து சேர்கிறது. பெயர் சொல்லாததை அந்த அறிக்கை சொல்லுமா? இவ்வினாக்களைப் பற்றி நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் அந்தமான் தலைநகரின் அபர்டீன் பஜாரில் வளர்ந்தவன். பெயர்களைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு அந்தக் கடைத்தெருவே ஒரு நல்ல பாடநூல். ஆயினும், பாடத்தின் முதற்பகுதியை ஐரோப்பாவில் தொடங்குவதே முறை.

புதியவன் என்றொரு பெயர்

செக் நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் 'நோவாக்' என்பது. அதன் பொருள் 'புதியவன்'. வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவனை ஊரார் அப்படி அழைத்தனர்; அழைப்பே பெயராயிற்று. 'ஸ்வோபோதா' என்பது அங்கே பெருவழக்காக உள்ள மற்றொரு பெயர். அதன் பொருள் 'விடுதலை'. பண்ணையடிமைத் தளை இல்லாத உழவனை அது குறித்தது.

இப்பெயர்கள் தொடக்கத்திலிருந்தே மகனுக்கும் பேரனுக்கும் மாறாமல் வந்தவை அல்ல. பழங்காலத்தில் வேறொரு வீட்டுக்கோ பண்ணைக்கோ குடிபெயர்ந்தவன், அந்த வீட்டின் பெயரையே தன் பெயராகப் பெறுவதும் உண்டு. 1780களில் பேரரசர் இரண்டாம் ஜோசப் குடும்பப் பெயர் மாறாமல் நிலைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுக்கு ஒழுங்கான கணக்கு வேண்டும் அல்லவா? குடும்பப் பெயர் குலப்பெருமையால் நிலைத்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது நிலைத்ததில் கணக்கேட்டுக்கும் பெரும்பங்கு உண்டு.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். புதிதாக வந்தவன் எல்லா ஊரிலும் இருப்பான். ஆகவே 'நோவாக்' என்ற பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே தோன்றியிருக்கும். இரண்டு நோவாக்குகள் சந்தித்தால் அவர்கள் உறவினர் என்று கொள்ள இயலாது. நம் ஊரில் இரண்டு முருகன்கள் சந்திப்பதைப் போன்றதே அது.

பெயரோடு செல்லும் குரோமோசோம்

அந்தச் செக் மண்ணில்தான் மரபியலும் பிறந்தது. பிர்னோ நகரத் துறவி மடத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்த மெண்டல், தம் முடிவுகளை 1866இல் அச்சிட்டார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யோஹான். 1843இல் மடத்தில் சேர்ந்தபோது கிரிகோர் என்ற பெயரை ஏற்றார்.

மெண்டல் தொடங்கிய அறிவியல் இன்று குடும்பப் பெயரையே ஆராயும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆண்களின் உடலில் ஒய் குரோமோசோம் என்ற ஒன்று உண்டு. அது தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் செல்கிறது. ஐரோப்பியக் குடும்பப் பெயரும் தந்தையிடமிருந்து மகனுக்கே செல்கிறது. எனவே இவ்விரண்டும் ஒரே வண்டியில் ஏறிய இரு பயணிகளைப் போன்றவை. இரண்டும் இறுதிவரை சேர்ந்தே வருகின்றனவா?

இங்கிலாந்தில் பிரையன் சைக்ஸ் என்ற அறிஞர் 'சைக்ஸ்' என்னும் தம் குடும்பப் பெயரையே ஆராய்ந்து, 2000இல் முடிவை வெளியிட்டார். சோதிக்கப்பட்ட சைக்ஸ் ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் காணப்பட்டது. மற்றவர்களிடம் வேறு வேறு வகைகள். தத்தெடுப்பு, தாயின் பெயரை ஏற்றல், மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை எனப் பல வழிகளில் பெயரும் குருதியும் பிரிந்திருக்கின்றன. பின்னர் டூரி கிங், மார்க் ஜாப்லிங் ஆகியோர் செய்த ஆய்வில் மற்றோர் உண்மை தெளிவாயிற்று. அருகி வழங்கும் பெயரைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே முன்னோரின் வழியினர். 'ஸ்மித்' போன்ற பெருவழக்குப் பெயரில் அத்தகைய தொடர்பு தெரிவதில்லை. ஸ்மித் என்றால் கொல்லன். கொல்லன் எந்த ஊரில் இல்லை?

இன்னொரு கணக்கையும் எண்ணிப் பாருங்கள். நமக்குப் பெற்றோர் 2 பேர். பாட்டன் பாட்டியர் 4 பேர். அவர்களைப் பெற்றவர்கள் 8 பேர். இவ்வாறு பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் 1,024 இடங்கள் வரும். குடும்பப் பெயர் அவற்றுள் ஒரே ஓர் இடத்துக்குத்தான் வழி காட்டும். ஒய் குரோமோசோமும் அந்த ஒரே இடத்துக்குத்தான் செல்லும். மற்ற 1,023 இடங்களைப் பற்றி இரண்டுமே வாய் திறவா.

கடைத்தெருவில் ஒரு பாடம்

இனி அபர்டீன் பஜாருக்கு வருவோம். இந்தப் பெயரே கடல் கடந்து வந்தது. ஸ்காட்லாந்தில் உள்ள அபர்டீன் நகரின் பெயரில் 'அபர்' என்பது ஆற்றின் முகத்துவாரத்தைக் குறிக்கும். எங்கள் பஜாரில் ஆறும் இல்லை, முகத்துவாரமும் இல்லை. மணிக்கூண்டும், அதைச் சுற்றிக் கடைகளும் உள்ளன. ஊருக்கு முன்பு வழங்கிய போர்ட் பிளேர் என்னும் பெயர், 1789இல் முதற் குடியிருப்பை நிறுவிய ஆர்ச்சிபால்டு பிளேரை நினைவூட்டுவது. 2024இல் அது ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. மனிதரைப் போலவே ஊரும் பெயர் மாற்றிக்கொள்கிறது.

கடைப் பலகைகளை ஒரு முறை படித்துச் சென்றால் இந்தியாவின் பெயர் முறைகள் பலவும் கண்ணில் படும். மண்டல், பிஸ்வாஸ் என வங்காளிகள் பெயரின் பின்னே குடும்பப் பெயரை வைக்கின்றனர். தெலுங்கர் வீட்டுப் பெயரை முன்னே வைக்கின்றனர். மலையாளிகள் பலருக்குத் தறவாட்டுப் பெயரே அடையாளம். 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர்ப் பக்கம் குடியேறிய கரேன் மக்களுக்கோ குடும்பப் பெயர் வழக்கமே இல்லை. ஆணின் பெயருக்கு முன் 'சா' என்றும் பெண்ணின் பெயருக்கு முன் 'நா' என்றும் அடைமொழி இடுவர். 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப்பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார், தங்கள் ஊர்ப்பெயர்களைக் கொண்டுவந்து நட்டனர். தெற்கு அந்தமானில் இன்றும் வண்டூர் உண்டு, மன்னார்காடு உண்டு, கள்ளிக்கோட்டையும் உண்டு. குடும்பப் பெயர் செய்ய வேண்டிய வேலையை அங்கே ஊர்ப்பெயர் செய்கிறது.

தமிழர் நிலை யாது? நம் தலைப்பெழுத்து ஒரே தலைமுறைக்கு உரியது. முத்தையாவின் மகன் மு. கந்தன், கந்தனின் மகன் க. வேலன். பேரனின் பெயரில் பாட்டன் மறைந்துவிடுகிறார். முற்காலத்தில் பலர் பெயரின் பின்னே சாதிப் பட்டத்தைச் சேர்த்து வந்தனர். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் அந்தப் பட்டங்களைத் துறப்பது என்று முடிவு செய்யப்பட்டது. பலர் அங்கேயே துறந்தனர். நம் படிவத்தில் இரண்டாவது கட்டம் வெறுமையாக இருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம். அந்த வெறுமையைக் குறை என்று கருத வேண்டுவதில்லை.

எங்கள் தீவில் இதனினும் ஆழமான வெறுமை ஒன்று உண்டு. 1858 மார்ச்சில் 1857 கிளர்ச்சியின் கைதிகளோடு தண்டனைக் குடியிருப்பு தொடங்கிற்று. பிற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களும் பின்னர்ப் பல மாகாணங்களிலிருந்து வந்தனர். நன்னடத்தையால் சலுகை பெற்றவர்கள் பெண் கைதிகளை மணந்து குடும்பமாக வாழ்ந்தனர். சாதி வேறு, மொழி வேறு, சில வேளைகளில் சமயமும் வேறு. அவர்களுடைய வழியினரை 'லோக்கல் பார்ன்', அதாவது உள்ளூரில் பிறந்தோர், என்பர். வீட்டுமொழி இந்துஸ்தானி ஆயிற்று. அவர்களில் என்னோடு பள்ளியில் பயின்ற தோழர்கள் உண்டு. எங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால், கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து சேரவேண்டிய ஒரு சிற்றூரைச் சொல்வோம். அவர்கள், "இதுதான்" என்பர். அதற்கு அப்பால் பலருக்குத் தெரியாது. செக் நாட்டின் 'புதியவன்' 'விடுதலையானவன்' என்னும் இரு பெயர்களும் இவர்களுக்கு எவ்வளவு பொருந்தும்!

ஓங்கிகள் தந்த சான்று

பெயர் சொல்லாததைக் குருதி சொல்லுமா என்று தொடக்கத்தில் கேட்டோம். அதற்கும் அந்தமானிலேயே விடை உண்டு.

அபர்டீன் பஜார் உள்ள நிலம் முதலில் அந்தமான் பழங்குடிகளுக்கு உரியது. 1859 மே 17இல் அவர்கள் தங்கள் நிலத்தைக் காக்க வில்லேந்தி வந்து தோற்ற இடமே அபர்டீன். அவர்களிடையே பிள்ளை கருவில் இருக்கும்போதே பெயரிடுவது வழக்கம் என்று ஆங்கில அதிகாரி ஈ. எச். மான் எழுதியிருக்கிறார். ஆகவே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர் பொருந்தும். பெண் பருவம் எய்தியதும், அப்போது பூக்கும் மரத்தின் மலர்ப்பெயரும் சேரும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே அங்கு இல்லை.

சிறிய அந்தமானில் வாழும் ஓங்கிகள் இன்று நூற்றுச் சொச்சம் பேரே. ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்கள் தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் அவர்களுடைய மரபணுக்களை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சோதிக்கப்பட்ட ஓங்கி, ஜாரவா ஆண்கள் அனைவரிடமும் ஒய் குரோமோசோமின் 'டி' என்னும் ஒரே கிளை இருந்தது. அக்கிளை திபெத்திலும் சப்பானிலும் மிகுதி. தென்னிந்தியாவில் வழக்கமாகக் காணப்படுவதன்று. இதோடு நின்றுவிட்டால், ஓங்கிகளுக்கும் நமக்கும் உறவில்லை என்றே முடிவு செய்வோம்.

ஆனால் 2009இல் டேவிட் ரைக், தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் ஒரு கோட்டை மட்டும் பார்க்காமல் மரபணுத் தொகுதி முழுவதையும் பரப்பி ஆராய்ந்தனர். 25 இந்தியக் குழுக்களைச் சேர்ந்த 132 பேர் அதில் இடம்பெற்றனர். முடிவு என்ன? தென்னாட்டு மக்களின் முன்னோரில் ஒரு பெரும் பகுதியினர் ஓங்கிகளின் முன்னோரோடு தொலைவான உறவுடையவர்கள்! நாம் ஓங்கிகளின் வழிவந்தோம் என்பது இதன் பொருளன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய்மரத்திலிருந்து பிரிந்த கிளைகள் என்பதே பொருள். பஜாரில் நின்று காட்டுமக்களை ஏளனமாகப் பேசுவோரை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் ஏளனம் செய்வது தங்கள் தொலைதூர உறவினரைத்தான்.

தந்தைவழிக் கோடு ஒன்று உறவை மறைத்தது. முழுத் தொகுதி உறவைக் காட்டிற்று. குடும்பப் பெயரைக் கொண்டு வம்சத்தை அளப்போர் நினைவிற்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

நாம் செய்யக்கூடியது

குருதிச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது இன்று வாழும் மக்களோடு நம்மை ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை பங்கு என்று கூறும். முன்னோர் எந்தத் தெருவில் வாழ்ந்தார், என்ன பாடினார், ஏன் கப்பலேறினார் என்பவற்றைக் கூறாது. அவற்றைக் கூறக்கூடியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அவர்களும் என்றும் இருக்கப்போவதில்லை.

ஆகவே நண்பர்களே, வரும் விடுமுறையில் ஒரு தாளில் எட்டுக் கோடுகள் இடுங்கள். பாட்டன் பாட்டியரைப் பெற்ற எட்டுப் பேரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுங்கள். ஆண்களின் பெயர் ஓரளவு கிடைக்கும். பெண்களின் பெயர்தான் கிடைக்காது. 'ஆத்தா' என்றும் 'அப்பத்தா' என்றும் அழைத்தே பழகிவிட்டோம். அவர்களுடைய பெயரை எந்தக் குடும்பப் பெயரும் எந்தத் தலைப்பெழுத்தும் காத்து வைக்கவில்லை. எந்தச் சோதனைச்சாலையும் அதை மீட்டுத் தராது. கேட்பதற்கு ஒருவர் உள்ளபோதே கேட்டு வையுங்கள்.