கிட்டாரின் குரல் மேற்பலகையில்

1862-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் கிட்டார்த் தச்சர் அந்தோனியோ தெ தோரெஸ் ஒரு கிட்டார் செய்தார். அதன் முதுகும் பக்கங்களும் காகிதக் கூழ் அட்டையால் ஆனவை. தந்திகளைத் தாங்கும் மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் இழைத்துப் பூட்டினார். கிட்டாரின் குரலைத் தீர்மானிப்பது மேற்பலகைதான் என்று காட்ட அவர் செய்த சோதனை அது. பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அந்தக் கருவி இன்றும் இருக்கிறது. 15,000 முதல் 25,000 ரூபாய் வரை செலவழித்து அக்கூஸ்டிக் கிட்டார் வாங்க நினைப்பவர் தோரெஸ் காட்டியதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். கொடுக்கும் பணம் முதலில் மேற்பலகைக்குப் போகட்டும், அடுத்தது கழுத்துக்கு. நிறம், பளபளப்பு, சிப்பி வேலைப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தந்தி தனியாக அதிர்ந்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. அவ்வளவு மெல்லிய கம்பியால் காற்றை அதிகம் தள்ள முடியாது. அதன் அதிர்வு பிரிட்ஜ் வழியாக, அதாவது வீணையில் குதிரை என்று சொல்கிற பாகத்தின் வழியாக, மேற்பலகைக்கு இறங்குகிறது. அகன்ற பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஒலித்துளை வழியே போய்வந்து கீழ்ச் சுரங்களுக்குக் கனம் சேர்க்கிறது. பலகை லேசாக இருந்தால்தான் நன்றாக அதிரும். ஆனால் ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையுடன் அதை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். அதனால்தான் எடை குறைந்தும் விறைப்பு மிகுந்தும் உள்ள ஸ்ப்ரூஸ் மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பலகையின் உட்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களை ஒட்டி வலுவூட்டுகிறார்கள். தாங்கும் வலுவும் அதிரும் சுதந்திரமும் எந்த இடத்தில் சமரசம் காண்கின்றன என்பதில்தான் ஒவ்வொரு கிட்டாரின் குரலும் பிறக்கிறது.

விலை குறைந்த கிட்டார்களில் மேற்பலகை ஒட்டுப்பலகையாக இருக்கும். மெல்லிய தகடுகளை, ஒன்றின் ரேகை மற்றொன்றுக்குக் குறுக்காக வருமாறு அடுக்கி ஒட்டியிருப்பார்கள். அது உறுதியானது, எளிதில் வெடிக்காது, ஆனால் ஒரே மரத்துண்டில் அறுத்த பலகையைப் போல அதிராது. ஒரே துண்டில் செய்ததைக் கடைக்காரர்கள் ‘சாலிட் டாப்’ என்பார்கள். விவரப் பட்டியலில் வெறுமனே ‘ஸ்ப்ரூஸ் டாப்’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது ஒட்டுப்பலகைதான். சந்தேகம் இருந்தால் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகைகள் விளிம்பிலும் நேராக இறங்கினால் அது முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

யமஹாவின் எஃப்310, எஃப்ஜி800 என்ற இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது ஒட்டுப்பலகை. இரண்டாவதில் மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகை. இந்த இரண்டாவது அமைப்புதான் நடுத்தர விலைக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. எந்த நிறுவனத்தின் கிட்டாராக இருந்தாலும் இந்த அமைப்பைத் தேடுங்கள்.

முதுகு மரத்தைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள், ‘ரோஸ்வுட்’ என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்றும் சொல்வோமே, அது உலகின் உயர்ந்த கிட்டார்களுக்கு முதுகாகிறது. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. ஆனால் நம் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும் ‘ரோஸ்வுட்’ முதுகு பெரும்பாலும் ஒட்டுப்பலகையின் மேல் பதித்த மெல்லிய தகடு. பார்க்க அழகாக இருக்கும், குரலில் பெரிதாக எதையும் கூட்டாது.

அடுத்தது கழுத்து. புதிதாகக் கற்பவர்கள் சில மாதங்களிலேயே கிட்டாரை மூலையில் சாத்திவிடுவதற்கு, சோம்பலைவிட உயர்ந்து நிற்கும் தந்திகளே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் (வீணையில் மெட்டு) உள்ள இடைவெளியை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த தந்திக்குக் கீழே இது 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் வசதி. 4 மில்லிமீட்டரைத் தொட்டால் விரல் நுனி நோகும். அதோடு, அதிகம் அழுத்த வேண்டியிருப்பதால் தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதியும் ஏறும்.

சுருதியைச் சோதிக்க எளிய வழி உண்டு. பன்னிரண்டாம் ஃபிரெட் தந்தியின் சரிபாதியில் இருக்கிறது, அங்கே அழுத்தினால் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயி வர வேண்டும். கைப்பேசியில் ட்யூனர் செயலியைத் திறந்து, முதலில் தந்தியைச் சுருதி சேர்த்து, பிறகு பன்னிரண்டில் அழுத்தி மீட்டுங்கள். முள் கணிசமாக விலகினால் அந்தக் கிட்டாரில் எவ்வளவு பழகினாலும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இனிக்காது. அப்படியே ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் வாசித்து, எங்காவது கரகரவென்று இரைகிறதா என்று கேளுங்கள். கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டுங்கள். ஃபிரெட் முனைகள் கீறக் கூடாது. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது. கழுத்துக்குள் ‘ட்ரஸ் ராட்’ என்ற எஃகுக் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இழுப்பில் வளையும் கழுத்தைத் திருத்த அது வேண்டும்.

தந்தி நைலானா எஃகா என்பது நீங்கள் வாசிக்க விரும்பும் இசையைப் பொறுத்தது. மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் சிறுவர்களின் மென்மையான விரலுக்கும் நைலான், பாட்டுக்குக் கார்டு போட எஃகு. நைலான் கிட்டாரில் எஃகுத் தந்தி மாட்டாதீர்கள். அதன் மேற்பலகை அந்த இழுப்புக்காகச் செய்யப்பட்டதல்ல, பிரிட்ஜ் பிய்ந்துவிடும். கடைகளில் அதிகம் காணும் பெரிய ‘ட்ரெட்நாட்’ உடல் சிறிய உருவத்தினரின் தோளை வருத்தும், உட்கார்ந்து பார்த்து முடிவெடுங்கள். இந்த விலையில் பிக்கப் (ஒலிபெருக்கியில் இணைக்க உதவும் மின்கருவி) பொருத்திய கிட்டார் வேண்டாம். அதற்கான பணம் மரத்திலிருந்துதான் பிடுங்கப்பட்டிருக்கும்.

முழுப்பலகை வாங்கினால் கவனிப்பும் தேவை. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்று அதைவிட ஈரமானது. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், மேற்பலகை மேடிடும், ஆக்‌ஷன் உயரும். இரவு முழுவதும் ஏசி ஓடும் அறையில் எதிர்மாறாகச் சுருங்கும். வாசிக்காத நேரத்தில் சிலிக்கா ஜெல் பைகளோடு உறுதியான பெட்டியில் மூடி வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்ததும் தந்திகளைத் துணியால் துடையுங்கள். இவ்வளவும் முடியாது, சுவரில் மாட்டிவைத்துத் தோன்றும்போது எடுப்பேன் என்றால் ஒட்டுப்பலகைக் கிட்டாரே உங்களுக்கு நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வைத்திருக்கும் பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். 2,000 ரூபாயாவது ஒதுக்கி, நல்ல புதுத் தந்திகள் வாங்கி, கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் ஆக்‌ஷனையும் கழுத்தையும் சரிசெய்து வாங்குங்கள். வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரையும் கடைக்கு அழைத்துப்போங்கள். அவர் வாசிக்கும்போது நீங்கள் எதிரே நின்று கேளுங்கள், மேற்பலகையின் குரல் முன்னால் நிற்பவருக்கே தெளிவாகக் கேட்கும்.