பூங்காவுக்கு இரண்டு வாசல்



"பூங்காவுக்குப் போக இணையதளம் எதுக்குப்பா? பஸ் ஏறினா போச்சு" என்று நம்மில் சிலர் கேட்கலாம். நமக்குச் சரி. சக்கர நாற்காலியில் வருபவருக்கு? 1848-ல் உருவான ஊட்டி தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டாவின் சரிவில் அடுக்கடுக்காக அமைந்தது. இப்படிப்பட்ட இடத்தில் எங்கே படி, எங்கே சாய்தளம், கழிப்பறை எந்தப் பக்கம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தால்தான் அவர் வீட்டை விட்டே கிளம்ப முடியும். ஆக, அவருக்கு முதல் வாசல் இணையதளம்தான். இரும்பு கேட் இரண்டாவது.

பார்வையற்றவர்களுக்கோ, திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆனால் அதற்கு எழுத்து வேண்டும். கட்டண விவரத்தை வெறும் படமாகப் போட்டுவிட்டால், "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அது அடுத்ததற்குப் போய்விடும். கேட்பவருக்கு என்ன புரியும்?

இதற்கென டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலகளாவிய நெறிமுறை இருக்கிறது. 1999-ல் முதல் பதிப்பு, 2023-ல் 2.2 பதிப்பு. அதில் நமக்குத் தேவையான சில:

1. படத்துக்கு மாற்று உரை வேண்டும். "படம் 7" என்று எழுதினால் போதாது. "நுழைவாயில், வலப்பக்கம் சாய்தளம்" என்று எழுத வேண்டும்.

2. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு, சாதாரண அளவு எழுத்துக்கு, குறைந்தது 4.5:1. பூங்காதானே என்று இளம்பச்சை மேல் வெள்ளை எழுத்து போட்டால் தேறாது.

3. மவுஸ் இல்லாமல், விசைப்பலகையாலேயே டிக்கெட் எடுக்க முடிய வேண்டும்.

4. வரைபடத்தில் வழிகளை நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்டக் கூடாது. சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிபவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கலாம்.

இதெல்லாம் இரக்கப்பட்டுச் செய்வதல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கேட்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

நண்பர்களே, நாளை இத்தகைய தளங்களைச் செய்யப் போவது நாம்தான். கட்டி முடித்தபின் இடித்துச் சாய்தளம் வைப்பது எவ்வளவு செலவு என்று சிவில் நண்பர்களைக் கேளுங்கள். இணையதளமும் அப்படித்தான், முதலிலேயே செய்துவிட்டால் செலவு குறைவு.

இந்த வருஷ ப்ராஜெக்ட்டை ஒப்படைக்கும் முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ, அங்கேதான் ஒருவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.